ஒரு நிமிடத்தில் குடி முழுகாதா?

"ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருந்தா என்ன, குடியா முழுகிப் போகும்?" தேனி, போடி, கம்பம் கடைவீதிகளில் கணினிக் கடிகாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வருகிற பதில் இது. ஏலக்காய்க் கடை முதலாளி சொல்வார். கணக்குப்பிள்ளை சொல்வார். அந்தக் கணினிகளைப் பராமரிக்கச் சம்பளம் வாங்குகிறவரும் சொல்வார். முதல் இருவரோடு எனக்குச் சண்டையில்லை. மூன்றாமவரும் அதையே சொல்வதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தெரிந்திருக்க வேண்டியவரே தெரியாதவர் பேச்சைப் பேசத் தொடங்கினால், தவறு ஊர்வழக்கமாகிவிடும். ஊர்வழக்கத்தைத் திருத்துவது சர்வரைத் திருத்துவதைவிடக் கடினம்.

அவர்கள் தரப்பை முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். கணினிக்குள் கடிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. மின்சாரம் போனாலும் மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியில் அது ஓடும். தப்பினால் கைப்பேசியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். லினக்ஸ் தெரிந்தவர் தினம் ஒருமுறை தானாகத் திருத்தும்படி ஒரு வரி எழுதி வைக்கலாம். இதற்கென்று ஒரு நிரலை இரவும் பகலும் ஓடவிட்டு, நாலு சர்வர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பதெல்லாம் பங்குச்சந்தைக்கும் டேட்டா சென்டருக்கும், மிஞ்சினால் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் கட்ட வந்தவர்களுக்கும் ஆகிற காரியம். மழைக்கு நெட் அறுந்து காற்றுக்குக் கரண்ட் போகிற பள்ளத்தாக்கில் அது வெட்டி வேலை.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. "எங்கள் கடையில் யூனிக்ஸே இல்லையே" என்ற கூடுதல் வாதமும் உண்டு. சுவரில் தொங்கும் சிசிடிவியின் பதிவுப் பெட்டி, மூலையில் மினுங்கும் ரவுட்டர், பில் அடிக்கும் ஆண்ட்ராய்டு கருவி ஆகியவற்றில் பெரும்பாலானவை யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் ஓடுபவை. கடையில் யூனிக்ஸ் குடும்பம் குடியேறி வெகுநாளாயிற்று. அதற்கு நேரம் சொல்லத்தான் ஆளில்லை. இனி ஒவ்வொரு வாதமாக எடுப்போம்.

1. ஒரு நிமிடம் என்று யார் அளந்தது?

பிசகு ஒரு நிமிடத்தோடு நிற்கும் என்பதற்கு ஆதாரம் என்ன? மதர்போர்டு கடிகாரத்தின் உயிர் நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். மலிவு விலைக்குக் கிடைக்கும் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகு சாதாரணம். அப்படியானால் நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல், ஆண்டுக்குப் பத்து நிமிடம். முதல் மாத முடிவிலேயே அந்த 'ஒரு நிமிடம்' கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது.

இந்தப் பிசகு எல்லா ஊரிலும் ஒன்றுபோல இருக்காது. இவ்வகைப் படிகம் 25 டிகிரி வெப்பத்தை மையமாக வைத்து வெட்டப்படுகிறது. அதற்கு மேலே போனாலும் மெதுவாகும், கீழே போனாலும் மெதுவாகும்; விலகல் இரட்டிப்பானால் பிசகு நாலு மடங்காகும். கம்பத்துத் தகரக் கூரைக் கிடங்கில் பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால் அதனால் மட்டுமே நாளைக்கு ஒரு நொடிக்கு மேல் கூடுதலாகப் பின்தங்கும். மேகமலை எஸ்டேட் அலுவலகத்தில் 15 டிகிரி என்றால் கால் நொடிக்குச் சற்று மேல். முதலாளி ஒருவரே, வாங்கிய கடை ஒன்றே, வாங்கிய நாளும் ஒன்றே என்றாலும் இரண்டு கணினிகளும் ஒரு வாரத்துக்குள் வேறு வேறு நேரம் சொல்லும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் கணினி விழித்தெழும்போதுதான் அந்தப் பேட்டரிக் கடிகாரத்தைப் பார்க்கிறது. அதன்பின் வேறொரு அதிர்வானை வைத்துத் தன் போக்கில் எண்ணுகிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு கடிகாரங்கள், இரண்டும் தனித்தனிப் பிசகு. அதே பெட்டியில் விண்டோஸும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பேட்டரிக் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று படிக்கும். ஒருமுறை மாற்றிப் பூட் செய்தால் கணினி ஐந்தரை மணி நேரம் தாவும்.

பிசகு பெரிதா சிறிதா என்பதைவிட முக்கியமான கேள்வி, அது எவ்வளவு என்று நமக்குத் தெரியுமா என்பது. ஒத்திசைக்காத கடிகாரத்துக்குத் தன் தவறின் அளவு தெரியாது. தெரியாத ஒன்றை 'ஒரு நிமிஷம்' என்று சொல்வது அனுமானம். அதை வைத்து அலட்சியம் காட்டுவது துணிச்சல்.

2. கையால் திருத்துவது திருத்தமா?

இதில் இரண்டு கோளாறுகள். முதலாவது, கடிகாரத்தைப் பின்னால் தள்ளும்போது நடப்பது. 11:02க்கு ஒரு பில் போட்டாகிவிட்டது. கடிகாரம் மூன்று நிமிடம் வேகம் என்று பார்த்து 10:59 ஆக்குகிறீர்கள். அடுத்த பில் 10:59க்கு விழுகிறது. பில் எண் கூடுகிறது, நேரம் குறைகிறது. எது புதியது என்று நேரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பேக்கப் நிரல், புதிய கோப்பைப் பழையதென்று ஒதுக்கிவிடும். கணினியில் காலம் முன்னோக்கியே போகும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். நீங்கள் ஒரு சொடுக்கில் அந்த நம்பிக்கையை உடைக்கிறீர்கள்.

இரண்டாவது கோளாறு நம்பகத்தன்மை. உங்கள் விருப்பப்படி திருத்தக்கூடிய கடிகாரம் உங்கள் வசதிப்படியும் திருத்தக்கூடியது. திருத்தியவர் யார், எப்போது, எவ்வளவு என்று எந்தப் பதிவும் இல்லாதபோது, நாளை ஒரு தகராறில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் கேட்கும். உங்கள் நேர்மை அங்கே உதவாது.

3. தினம் ஒருமுறை போதாதா? ரயில்வே அப்படித்தானே செய்கிறது!

இந்த வாதம் முந்தைய இரண்டையும்விட மேலானது. இந்திய ரயில்வேயின் பொது விதிகளின்படி நாள்தோறும் மாலை 4 மணிக்கு முக்கிய நிலையங்களுக்கு நேர சமிக்ஞை போகிறது. வண்டி புறப்படும் நிலையத்தில் கார்டு தன் கைக்கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு சரிபார்த்து லோகோ பைலட்டிடம் நேரம் சொல்ல வேண்டும். அவர் தன் கடிகாரத்தை அதன்படி வைத்துக்கொள்ள வேண்டும். அகலப்பாதையாகி 2023 ஜூனில் மறுபடி போடிக்கு வந்த ரயிலுக்கும் இதே விதிதான்.

ஆனால் இந்த விதியைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதன் பாதியை மட்டும் படிக்கிறார்கள். மாலை 4 மணி சமிக்ஞை ஒரு சங்கிலியின் முதல் கண்ணி. நேரம் எங்கிருந்து வருகிறது, யார் யாரிடம் வாங்குகிறார், வாங்கியவர் அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதோடு, ஒவ்வொரு முறை வேலை தொடங்கும்போதும் மறுபடி சரிபார்ப்பு. கணினிகளுக்கான நேர நெறிமுறையான என்டிபியிலும் இதே சங்கிலி இருக்கிறது. அணுக்கடிகாரத்தோடு நேரடியாக இணைந்த சர்வர் முதல் படி, அதைக் கேட்பது இரண்டாம் படி என்று இறங்கி வரும். 16ஆம் படி என்று ஒரு கணினி தன்னைச் சொன்னால், 'என்னை நம்பாதே' என்று பொருள். தினம் ஒருமுறை நேரத்தை அடித்துத் திருத்தும் ஒற்றை வரியில் இந்தச் சங்கிலியும் இல்லை, 'நம்பாதே' என்று சொல்லும் நேர்மையும் இல்லை.

அந்த ஒற்றை வரி எதைத் தவறவிடுகிறது என்று தெரிய, என்டிபி எப்படி அளக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய டேவிட் மில்ஸ் உருவாக்கியது இது. 1985இல் இதற்கான ஆவணம் வெளிவந்தது; 2024 ஜனவரியில் மில்ஸ் காலமானார். கேள்வி நம்மிடமிருந்து புறப்பட்ட நேரம், சர்வரை அடைந்த நேரம், பதில் அங்கிருந்து கிளம்பிய நேரம், நம்மிடம் வந்து சேர்ந்த நேரம் என நான்கு குறிப்புகள். முதலும் கடைசியும் நம் கடிகாரப்படி, நடுவில் உள்ள இரண்டும் சர்வர் கடிகாரப்படி. இந்த நான்கிலிருந்து வழியில் கழிந்த நேரமும் இரு கடிகாரங்களின் வித்தியாசமும் கணக்காகும். ஒரே ஒரு பலவீனம்: போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் ஒரே நேரம் ஆகிறது என்று இந்தக் கணக்கு நம்புகிறது. அது தப்பினால், மொத்தப் பயண நேரத்தில் பாதி வரை பிழை வரலாம்.

மலையோரத்தில் 4ஜி சிக்னலில் ஓடும் இணைப்பில் அது அடிக்கடி தப்பும். அதனால்தான் ஒரு அளவை நம்பாமல் பல அளவுகளை எடுத்து, வழியில் தாமதமாகாதவற்றைப் பொறுக்கி, அவற்றிலிருந்து கடிகாரத்தின் வேகப் பிசகையே கணிக்கிறது ஒழுங்கான நிரல். பிறகு கடிகாரத்தைத் தூக்கி அடிக்காமல், நொடியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நீட்டியோ குறுக்கியோ மெல்ல வழிக்குக் கொண்டுவருகிறது. காலம் பின்னால் போவதே இல்லை. தினம் ஒருமுறை ஓடும் வரி, அந்த ஒரு கணத்தில் நெட் தடுமாறியிருந்தால் அந்தத் தடுமாற்றத்தையே கடிகாரத்தில் எழுதிவிட்டு 24 மணி நேரம் தூங்கப் போகிறது.

4. நெட்டும் கரண்டும் போகிற ஊரில் இது எதற்கு?

போகிற ஊரில்தான் வேண்டும். எந்நேரமும் இணைப்பிருக்கும் ஊரில் கணினி தவறினால் அடுத்த நிமிடமே கேட்டுத் திருத்திக்கொள்ளும். இணைப்பு அறுகிற ஊரில் அது தன் புத்தியில் நிற்க வேண்டும். இன்று பல லினக்ஸ் பதிப்புகளில் முதல் தேர்வாக இருக்கும் க்ரோனி நிரலின் பலமே இதுதான்: விட்டுவிட்டு வரும் இணைப்பிலும் நன்றாக ஓட வேண்டும் என்பது அதன் வடிவமைப்பிலேயே உண்டு. உங்கள் படிகம் நாளைக்கு எத்தனை நொடி தவறும் என்பதை அது கற்றுக்கொண்டு ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். நெட் போனால் அந்தக் கணக்கை வைத்துத் தானே ஈடுகட்டும். அந்தக் கணிப்பில் பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு தப்பு என்று வைத்தாலும், மூன்று நாள் நெட் இல்லாதபோது சேரும் பிழை சுமார் கால் நொடி. கற்காத கடிகாரம் அதே மூன்று நாளில் ஐந்து நொடி தவறும். 'எங்கள் ஊரில் நெட் போகும்' என்பது க்ரோனிக்கு எதிரான வாதமென்று நினைப்பவர், அதன் சிபாரிசுக் கடிதத்தைத்தான் வாசிக்கிறார்.

5. நம்பிக்கையான ஒரு சர்வர் போதாதா?

2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இரண்டு நேர சர்வர்கள் 2000ஆம் ஆண்டைச் சொல்லத் தொடங்கின. உலகின் மிக மதிப்புக்குரிய நேர மூலங்களில் அவையும் அடக்கம். அவற்றை மட்டும் நம்பிய அலுவலகங்களின் கணினிகள் கேள்வி கேட்காமல் பன்னிரண்டு ஆண்டு பின்னால் போயின. பல மூலங்களைக் கேட்டு, ஒத்துப்போகாததை ஒதுக்கும்படி அமைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மூலம் என்றால் அது தவறினால் தெரியாது. இரண்டு என்றால் தவறுவது தெரியும், எது என்று தெரியாது. மூன்றில் பெரும்பான்மை கிடைக்கும். நான்கு வைத்தால் ஒன்று செத்தாலும் அந்தப் பெரும்பான்மை நிலைக்கும். நான்கு என்ற எண் ஆடம்பரத்துக்காக வந்ததல்ல.

இதில் கவனிக்க வேண்டியது, பல லினக்ஸ் பதிப்புகளில் தானாகவே வரும் எளிய நேர நிரல் ஒரு சமயத்தில் ஒரே சர்வரைத்தான் கேட்கும். 'அதுதான் ஓடுகிறதே' என்று திருப்திப்படுபவர்கள் எது ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

6. துல்லிய நேரம் பொட்டிப்புரத்துக்காரர்களுக்குத்தானே?

எதிர்த்தரப்பின் அடிப்படைக் குழப்பம் இந்த வாதத்தில் இருக்கிறது. துல்லியமும் ஒத்திசைவும் ஒன்றென்று நினைக்கிறார்கள்.

பொட்டிப்புரம் மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பிலும் வழக்குகளிலும் அது நின்றுபோனது தனிக்கதை. அதில் வைக்கவிருந்த 50,000 டன் இரும்புக் கருவிக்கு நானோநொடி அளவில் நேரம் தேவைப்பட்டது. ஒரு நானோநொடியில் ஒளி 30 செ.மீ. போகும், துகள் மேலிருந்து வந்ததா, பூமியைத் துளைத்துக் கீழிருந்து வந்ததா என்று அந்தக் கணக்கில்தான் பிரித்தறிய முடியும். ஐரோப்பாவில் ஆபெரா என்ற ஆய்வுக் குழு 2011 செப்டம்பரில் நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அறிவித்து உலகைக் கலக்கியது. சில மாதங்களில் முக்கியக் காரணம் தெரிந்தது: ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவந்த ஒளியிழை இணைப்பு சரியாகப் பொருத்தப்படவில்லை.

இந்தத் துல்லியத்தைக் கம்பம் கடைவீதியில் யாரும் கேட்கவில்லை. கேட்பது, பக்கத்துக் கணினியோடும் நாட்டின் திட்ட நேரத்தோடும் ஒத்துப்போ என்பதை மட்டும். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால் போதும். என்டிபி அதைச் சாதாரண இணைப்பிலேயே தரும். அதுகூட வேண்டாம் என்று அவர்கள் நினைக்கும் இடங்களை இந்தப் பக்கத்திலேயே எடுத்துப் பார்ப்போம்.

ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள். காற்றாலை மின்சாரத்தின் முன்கணிப்பும் வித்தியாசக் கணக்கும் 15 நிமிடத் தொகுதிகளில் நடக்கின்றன. நாளைக்கு 96 தொகுதிகள். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதற்கென 2019இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. மீட்டரின் கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கினால், ஒவ்வொரு தொகுதியின் முதல் மூன்று நிமிட உற்பத்தியை முந்தைய தொகுதியின் பெயரில் எழுதும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு நேரம் தவறான கணக்கில். கணவாய்க் காற்று அடித்து ஓயும் வேகத்தில், அது பணமாகவே கணக்கில் தெரியும்.

ஏலக்காய்க் கடை. சரக்கு வண்டி ஏற ஈ-வே பில் வேண்டும். அந்தத் தளத்தில் நுழைய இரண்டாம் சரிபார்ப்புக்காகத் தரப்படும் நிக்-ஜிஎஸ்டி-ஷீல்ட் செயலியின் கடவு எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறுகிறது. செயலியின் நேரம் தளத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். 'ஒரு நிமிஷம்' என்பது அங்கே இரண்டு எண்களின் தூரம். கடிகாரம் ஆண்டுக் கணக்கில் தவறிய கணினியில் எந்தப் பாதுகாப்பான இணையதளமும் திறக்காது. அதன் சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை அல்லது முடிந்துவிட்டது என்று உலாவி தடுக்கும். நம்மவர்கள் நெட்டைத் திட்டிவிட்டு ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள்.

முல்லைப் பெரியாறு அணை. 2021 டிசம்பரில், போதிய முன்னறிவிப்பின்றி இரவில் ஷட்டர்கள் திறக்கப்பட்டதாகக் கேரளம் புகார் சொன்னது. புகாரின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. இப்படியொரு வழக்கில் கேட்கப்படும் கேள்விகளைப் பாருங்கள்: தகவல் எத்தனை மணிக்குப் போனது, ஷட்டர் எத்தனை மணிக்கு உயர்ந்தது, கீழே தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது. மூன்று பதிவுகள், மூன்று இடங்கள், இரண்டு அரசுகள். மூன்று கடிகாரங்களும் ஒத்திருந்தால்தான் அந்தக் கேள்விகளுக்குப் பதிலே உண்டு.

7. வரிசை தெரிந்தால் போதாதா, நேரம் எதற்கு?

இதுவே எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். ஆனால் நம் ஊரில் இதைச் சொல்பவர்கள் குறைவு. எது முன், எது பின் என்பதை அறியக் கடிகாரமே வேண்டியதில்லை என்று கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978இல் ஒரு கட்டுரையில் காட்டினார். ஒவ்வொரு கணினியும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, செய்தி அனுப்பும்போது சேர்த்தனுப்பி, பெறும்போது அதைவிடப் பெரிய எண்ணுக்குத் தாவினால் போதும். அனுப்பியது முன், பெற்றது பின் என்ற வரிசை எப்போதும் கலையாது. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்கூடத்திலும் இதே நியாயம் பொருந்தும். எல்லாக் கேட்பும் ஒரே சர்வருக்கு வருகிறது; அது வாங்கிய வரிசையே வரிசை. கேட்பவர் முன்னாலுள்ள திரையின் கடிகாரம் என்ன சொன்னால் என்ன?

ஒப்புக்கொள்கிறேன். ஒரே அறை, ஒரே சர்வர் என்றவரை இந்த வாதத்தை மறுக்க முடியாது. ஆனால் லாம்போர்ட் அதே கட்டுரையில் இதன் எல்லையையும் சொல்லிவிட்டார். ஒருவர் கணினியில் ஒரு காரியம் செய்துவிட்டு, வேறு ஊரில் இருக்கும் நண்பருக்குத் தொலைபேசியில் சொல்லி, நண்பர் தன் கணினியில் அடுத்த காரியத்தைச் செய்தால், அந்தத் தொலைபேசிப் பேச்சு கணினிகளுக்குத் தெரியாது. பின்னது முன்னதாகப் பதிவாகலாம். அதைத் தடுக்க, தம்முள் ஒத்துப்போகும் மெய்யான கடிகாரங்கள் வேண்டும் என்பதே அவர் முடிவு.

போடிக்கும் கேரளத்துப் புற்றடிக்கும் இடையே ஏலக்காய் வியாபாரம் நடப்பதே தொலைபேசியில்தான். இரண்டு ஏல மையங்களும் 2021இல் மேகக்கணினி வழியே ஒரே ஏலத்தில் இணைக்கப்பட்ட பிறகு, 'நான் அழுத்தினேன், போய்ச் சேரவில்லை' என்று ஒருவர் சொன்னால் அவர் பக்கத்துப் பதிவையும், நடுவில் நெட்வொர்க் பதிவையும், சர்வர் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும். மூன்றுக்கும் ஒரே கடிகாரம் இல்லையென்றால் அங்கே விசாரணை இல்லை, வாய்ச்சண்டைதான்.

டீக்கடைத் தத்துவமும் ஒன்று உண்டு: நேரமே மனிதன் பண்ணிக்கொண்ட ஏற்பாடுதானே, தேனியில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறத்தாழ 12:20க்கு. உண்மைதான். நம் திட்ட நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்க ரேகைக்கு உரியது. நாம் அதிலிருந்து ஐந்து டிகிரி மேற்கே. சூரியனை விட்டு 20 நிமிடம் விலகியிருக்க இந்த ஊர் 1906லிருந்து சம்மதித்திருப்பது நாட்டோடு ஒத்துப்போவதற்காகத்தான். அந்த விலையைக் கொடுத்துவிட்டு ஒத்துப்போகாமல் இருப்பதில் என்ன தத்துவம்?

8. சட்டமெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே?

இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு கம்பெனிகளையும் அரசு அலுவலகங்களையும் சேர்த்தே பேசுகிறது. கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தந்தது விலக்கில்லை, கால அவகாசம். அதுவும் 2022 செப்டம்பரில் முடிந்துவிட்டது. தராசுக்கு முத்திரை வைக்கும் சட்டமுறை எடையளவைத் துறையின் பக்கமிருந்தும் இந்தியத் திட்ட நேரத்துக்கென வரைவு விதிகள் 2025 ஜனவரியில் கருத்துக்கேட்புக்கு வந்தன. முத்திரையில்லாத தராசில் ஏலக்காய் நிறுத்தால் சண்டைக்கு வரும் வியாபாரி, முத்திரையில்லாத கடிகாரத்தில் பில் போடுகிறார்.

சாட்சியச் சட்டமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்கும்போது அதைத் தந்த கருவி ஒழுங்காக இயங்கியதைச் சான்றிதழால் சொல்ல வேண்டும். சிசிடிவி பெட்டியின் கடிகாரம் பதினேழு நிமிடம் தவறியிருந்தால், படத்தில் இருக்கும் ஆள் அவர்தான் என்று நிரூபித்த பிறகும், அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்தார் என்று நிரூபிக்க வேறு சாட்சி தேட வேண்டும். களவு கொடுத்தவருக்கு அந்தப் பதினேழு நிமிடம் சின்னதாகப் படாது.

9. போர்ட் திறந்தால் ஹேக் ஆகிவிடுமே?

2013, 2014இல் என்டிபி சர்வர்களைப் பயன்படுத்திப் பெரிய தாக்குதல்கள் நடந்தது மெய். உலகத்துக்கே பதில் சொல்லும்படி திறந்து கிடந்த பழைய சர்வர்கள் அதில் கருவியாயின. நேரம் கேட்கும் கணினி எதையும் வெளியிலிருந்து வருபவர்களுக்குத் திறந்து வைக்க வேண்டியதில்லை. கேள்வி வெளியே போக வேண்டும், அதற்கான பதில் உள்ளே வர வேண்டும், அவ்வளவே. அனுமதி வரி எழுதாதவரை க்ரோனி வேறு யாருக்கும் நேரம் சொல்லாது. பயம் பத்தாண்டு பழையது. அதைத் தீர்க்கும் அமைப்பு நிரலோடே வருகிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது எவ்வளவு? கடையில் எப்போதும் ஓடும் ஒரு லினக்ஸ் கணினியைத் தேர்ந்தெடுங்கள். நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்றும், பேட்டரிக் கடிகாரத்தை உலகப் பொது நேரம் என்றும் வையுங்கள். க்ரோனியை நிறுவி, தேசியத் தகவலியல் மையம், தேசிய இயற்பியல் ஆய்வகம் இரண்டின் சர்வர்களோடு சேர்த்து நான்கு மூலங்கள் எழுதுங்கள். உலக நேரத்தில் எப்போதாவது கூடுதலாகச் சேர்க்கப்படும் லீப் நொடியை நாள் முழுக்கப் பரப்பித் தரும் கூகுள் வகைச் சர்வர்களை மற்றவற்றோடு கலக்காதீர்கள். விழித்தெழும்போது மட்டும் தாவித் திருத்தவும், பிறகு மெல்லத் திருத்தவும் ஒரு வரி போதும். உள் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுத்து, சிசிடிவி பெட்டியும் பில்லிங் கணினிகளும் இதைக் கேட்கும்படி செய்யுங்கள். மாதம் ஒருமுறை மூலங்களின் பட்டியலைப் பாருங்கள்: நட்சத்திரக் குறி உள்ளது இப்போது பின்பற்றப்படுவது, கேள்விக்குறி உள்ளது பதில் சொல்லாதது, பெருக்கல் குறி உள்ளது பொய் சொல்வதாக ஒதுக்கப்பட்டது. செலவு ஒரு மதியப் பொழுது. நிரலுக்கு விலை கிடையாது.

இதற்குப் பிறகும் குடி முழுகாது என்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். நேரம் அவ்வளவு முக்கியமில்லை என்றால் உங்கள் பில்லில் நேரத்தை ஏன் அச்சிடுகிறீர்கள்? சிசிடிவி படத்தின் மூலையில் ஏன் அதை எழுதுகிறீர்கள்? நீக்கிவிடுங்கள். நேரமில்லாத பதிவைப் பார்ப்பவர் 'தெரியாது' என்று எடுத்துக்கொள்வார்; தவறான நேரம் உள்ள பதிவை அவர் நம்புவார். அச்சிடுவதென்று முடிவெடுத்துவிட்டால், அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் நீங்கள்தான். பொறுப்பேற்க மாட்டேன், அச்சிடுவேன் என்பதை எந்தக் கடைவீதியிலும் அலட்சியம் என்று சொல்ல மாட்டார்கள். அதற்குப் பெயர் பொய்க்கணக்கு.